இருநூறு ரூபாய் அபராதமும் கண்ணமங்கலத்துக் காற்றும்: புகைத்தடைக்குச் செலவாகும் பொதுப்பணம்

பொது இடத்தில் பீடியோ சிகரெட்டோ புகைத்து அகப்பட்டவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். நாடாளுமன்றம் 2003-இல் எழுதிய தொகை அது. தமிழ்நாட்டில் இன்றும் அதுதான். இந்த 200 ரூபாயை வாங்க அரசு எவ்வளவு செலவழிக்கிறது, எவ்வளவு செலவழிப்பது தகும், அந்தச் செலவு யாருடைய மூச்சைக் காக்கிறது என்ற கேள்விகளை நாம் போதிய அளவு கேட்கவில்லை. தடை வேண்டுமா என்ற சண்டை ஏறத்தாழ முடிந்துவிட்டது. பேருந்துக்குள் பீடி பற்றவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று இன்று யாரும் வாதாடுவதில்லை. ஆனால் சட்டம் தானாக நடக்காது. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், பலகை வேண்டும், ரசீதுப் புத்தகம் வேண்டும், வண்டிக்கு டீசல் வேண்டும். எல்லாம் மக்கள் பணம்.

பெருநகரத்தை வைத்துப் பேசினால் இந்தக் கேள்வி மங்கிவிடும். அங்கே தனிப்படை அமைக்கலாம், கேமரா வைக்கலாம், செய்தியாளரைக் கூப்பிடலாம். ஆகவே கண்ணமங்கலத்தை வைத்துப் பார்க்கிறேன். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், நாகநதியை ஒட்டிய பேரூராட்சி. திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி வட்டம். வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியே செல்கிறது. ஆரணிக்குப் பிரியும் கூட்டு ரோடு இங்கே. காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு நிலையம். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிடப் போகிறவர்கள், அமிர்தி வன உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், வேலூர் மருத்துவமனைகளுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று கடந்து போகிறவர்கள் நிறைந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களில்தான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி பேருந்துக்குக் காத்து நிற்கிறது. புகைத்தடை இங்கே நடந்தால்தான் நடந்தது என்று பொருள்.

சட்டம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது பொதுத்தொல்லை என்றும், பிறரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்றும் தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். 2001 நவம்பர் 2 அன்று, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் புகைப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. தமிழ்நாடு புகைப்பதையும் எச்சில் துப்புவதையும் தடுக்கும் தனிச்சட்டம் ஒன்றை 2002-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நாடு முழுவதற்குமான சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. அதிகாரிகள் வாயில் அதற்கு 'கோட்பா' என்று பெயர். அதற்கு உயிர் கொடுத்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். அவருடைய கட்சிக்கு ஆழமான வேர் உள்ள வட மாவட்டங்களில் ஒன்றுதான் திருவண்ணாமலை. விதிகளைக் கொண்டுவந்தவர் ஊருக்கு அந்நியர் இல்லை.

அந்த விதிகளைப் படிக்கும்போது அவற்றை எழுதியவர்கள் செலவைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. புதிதாக ஒரு படையை அவர்கள் உருவாக்கவில்லை. ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆட்களிடமே அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்குள் தலைமை ஆசிரியர், ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டர், நூலகத்தில் நூலகர், மருத்துவமனையில் அதன் தலைவர் அபராதம் விதிக்கலாம். எல்லாப் பொது இடங்களுக்கும் காவல் உதவி ஆய்வாளரும் அவருக்கு மேற்பட்டவர்களும், சுகாதார ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பலகையை வாசலில் வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று ஒருவருடைய பெயரையும் எழுதிவைக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால், அங்கே நடந்த ஒவ்வொரு குற்றத்துக்குமான அபராதமும் அவர் தலையில் விழும்.

இது நல்ல யோசனை. கூடவே ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. புதிய ஆள் இல்லாததால் புதிய நிதித் தலைப்பு இல்லை. நிதித் தலைப்பு இல்லாததால் இதற்கு எவ்வளவு செலவாகிறது என்று யாருக்கும் தெரியாது. உதவி ஆய்வாளரின் ஒரு மணி நேரம் காவல்துறைக் கணக்கில் போகிறது. சுகாதார ஆய்வாளரின் ஒரு காலை கொசு ஒழிப்புக்கும் குடிநீர்ச் சோதனைக்கும் இடையே கரைகிறது. பலகை பேரூராட்சியின் சில்லறைச் செலவில் அடங்குகிறது. 2007-08இல் தொடங்கிய தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஓர் ஆலோசகர், ஒரு சமூகப் பணியாளர், ஓர் உளவியல் ஆலோசகர் என்று ஒப்பந்த ஊழியர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் செலவு அவ்வளவே. ஒரு மாவட்டம் முழுவதையும் அவர்கள் பார்க்க வேண்டும். கண்ணமங்கலத்துக்கு அவர்கள் வருவதென்றால் வேறோர் ஊர் காத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த ஊரின் டீக்கடைக்கு வருவோம். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 2003 சட்டம் பொது இடத்தை வரையறுக்கும்போது திறந்தவெளியை விலக்கிவிட்டது. 2008 விதிகள் திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்றவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தன. சாலை வெளியே நின்றது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருவர் பீடி புகைத்தால் குற்றமில்லை. பத்தடி தள்ளிப் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே வந்தால் குற்றம். டீக்கடைக்குள் குற்றம், வெளியே போட்ட பெஞ்சில்? தகரக் கொட்டகையை முன்னுக்கு நீட்டியிருந்தால்? கடையின் ஓரத்தில் தொங்கும், முனையில் கனன்றுகொண்டே இருக்கும் கயிறு எந்தப் பக்கம் சேரும்? வடமாவட்டங்களில் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை இந்தக் கயிறு உண்டு. பீடி பற்றவைக்கவே கட்டுகிறார்கள். நெருப்பு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்ற விதியின் நோக்கத்தைப் பார்த்தால் அது தப்பாமல் மாட்டும். ஆனால் விதியில் உள்ள சொற்கள் சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் லைட்டரும். நம் ஊர்க் கயிற்றை அவற்றை எழுதியவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த நுட்பங்கள் வழக்கறிஞருக்கு மட்டும் உரியவை அல்ல. செலவைத் தீர்மானிப்பவை இவையே. எல்லை தெளிவாக உள்ள இடத்தில் தடையை நடத்த ஏறத்தாழ ஒன்றும் செலவாகாது. பேருந்துக்குள் புகைத்தால் நடத்துநர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நடத்துநர் சொல்வதற்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவிடுவார். அரசு ஒரு பைசா செலவழிக்காமல் தமிழ்நாட்டுப் பேருந்துகளுக்குள் புகை ஏறத்தாழ ஒழிந்ததற்குக் காரணம், அங்கே உள்ளே எது, வெளியே எது என்பதில் குழப்பமே இல்லை என்பதுதான். எல்லை கலங்கிய இடத்தில் ஒவ்வொரு அபராதத்துக்கும் ஒரு வாக்குவாதம், ஒரு கூட்டம், ஒரு சிபாரிசுத் தொலைபேசி. செலவு அங்கே ஏறுகிறது.

ஒரு சோதனையின் விலையை உத்தேசமாகப் பார்க்கலாம். ஓர் உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் ஒரு காலைப்பொழுதைக் கூட்டு ரோட்டில் கழிக்கிறார்கள், பத்துப் பேரிடம் அதிகபட்ச அபராதமே வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 2,000 ரூபாய். மூன்று பேரின் அரைநாள் சம்பளமும் வண்டிச் செலவும் அதை விழுங்கிவிடும். பணம் கட்ட மறுத்து ஒரே ஒருவர் நீதிமன்றம் போனால், ஆரணிக்கு ஒரு காவலர் நடக்கும் நடையின் செலவு தனி. வரவு செலவு மட்டும் பார்ப்பவர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, இது நட்டம், விட்டுவிடலாம் என்பார். அப்படி முடிவெடுத்தால் அது பெரும் பிழை. அபராதம் வருமானத்துக்காக ஏற்படுத்தப்பட்டதல்ல. அம்மை ஊசிக்கு அரசு செலவழித்தபோது ஊசி போட்டுக்கொண்டவரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

வரவு மருத்துவமனையில் இருக்கிறது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹெலினா என்ற சிறு நகரம் 2002 ஜூனில் பொது இடங்களில் புகைத்தடை கொண்டுவந்தது. ஆறு மாதத்தில் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த ஆறு மாதத்தில் நகர மருத்துவமனைக்கு மாரடைப்புடன் வந்தவர்கள் 24 பேர். முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களில் சராசரி 40. தடை நின்றதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. சிறிய ஊர், சிறிய எண்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று ஆய்வாளர்கள் அன்றே எச்சரித்தார்கள், சரியான எச்சரிக்கைதான். ஆனால் 2006 மார்ச்சில் தடை கொண்டுவந்த ஸ்காட்லாந்தில் ஒன்பது மருத்துவமனைகளை ஆராய்ந்தபோதும் கடுமையான இதயநோய் அனுமதிகள் 17 சதவீதம் குறைந்திருந்தன. குறைந்தவர்களில் பெரும்பாலானோர் புகைக்காதவர்கள். பிறர் விட்ட புகையே அதுவரை அவர்களைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு மாநிலத்தை வைத்து இந்தக் கேள்வியை நேரடியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வு குஜராத்தை எடுத்துக்கொண்டது. 30 அறைக்கு மேற்பட்ட விடுதி, 30 இருக்கைக்கு மேற்பட்ட உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் தனிப் புகையறைக்கு இடம்தரும் இப்போதைய அரைகுறைத் தடையையும், விலக்கே இல்லாத முழுத்தடையையும் செலவு பயன் பார்த்து ஒப்பிட்டது. முழுத்தடை கூடுதலாகச் சுமார் 17,000 மாரடைப்புகளைத் தவிர்க்கும். நடத்தும் செலவைக் கணக்கிட்டால் காப்பாற்றப்படும் ஓர் ஆயுள் ஆண்டுக்கு 2 முதல் 112 டாலர் வரை ஆகும். மிச்சமாகும் சிகிச்சைச் செலவையும் சேர்த்தால் அரசுக்கும் சமூகத்துக்கும் சேமிப்பே மிஞ்சும் என்பது அதன் முடிவு. பொதுச் சுகாதாரத்தில் இத்தனை மலிவாக ஆயுளை மீட்கும் வேலைகள் மிகக் குறைவு. இன்னொரு பக்கம், 2017-18இல் புகையிலை நோய்களாலும் இறப்புகளாலும் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று வேறோர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. புகையிலை மீதான கலால் வரியில் அரசு 100 ரூபாய் பெற்றால் சமூகத்தின் மீது 816 ரூபாய் சுமை விழுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வேலூர் மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் ஏறும் குடும்பங்கள் அந்தச் சுமையில் தங்கள் பங்கை நகையை அடகு வைத்துக் கட்டுகின்றன.

ஆகவே செலவழிப்பது தகும். எதில் என்பதுதான் கேள்வி. இதில் வெளிநாட்டு அனுபவம் நமக்கு உதவும். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று வேலையிடங்கள் அனைத்திலும், மதுக்கூடங்கள் உட்பட, புகைப்பதைத் தடுத்தது. மக்கள் கேட்கமாட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். சோதிக்கப்பட்ட இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முதல் ஆண்டிலேயே சட்டத்தைக் கடைப்பிடித்தன. இங்கிலாந்து 2007 ஜூலை 1 அன்று தடையைத் தொடங்கும்போது உள்ளாட்சிகளுக்கென்று ஏறத்தாழ 3 கோடி பவுண்டைத் தனியாக எடுத்துக்கொடுத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் சுற்றிவந்து சொல்லிக்கொடுக்கும் அலுவலர்களுக்குப் போனது. அங்கே புகைத்தவருக்கு 50 பவுண்டு அபராதம். தன் இடத்தில் புகைக்க விட்ட உரிமையாளருக்கோ 2,500 பவுண்டு வரை. ஒன்றுக்கு ஐம்பது. பொறுப்பை யார் மீது வைக்கிறோம் என்பதை அந்த விகிதமே சொல்லிவிடுகிறது. நம் சட்டத்தில் உரிமையாளரின் பொறுப்பு 200 ரூபாயின் மடங்கு மட்டுமே. அதையும் வசூலித்த செய்தி அரிது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1970-இல் பேருந்திலும் திரையரங்கிலும் தொடங்கி ஐம்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லையை விரித்தது. தேசியச் சுற்றுச்சூழல் முகமையின் அலுவலர்கள், கேமராக்கள், நீதிமன்றம் போனால் ஆயிரம் வெள்ளி வரை அபராதம். அங்கே உள்ள நம் உறவினர்கள் ஊருக்கு வரும்போது அதை வியந்து சொல்வார்கள். அது ஒரு நகரமே நாடாக உள்ள இடம்; அந்தச் செலவை நம் பேரூராட்சிகள் தாங்கா. பூட்டானின் கதை எதிர்மறைப் பாடம். 2004-இல் புகையிலை விற்பனையையே தடைசெய்தது அந்நாடு. எல்லை தாண்டிக் கடத்தல் வளர்ந்தது, கடத்தலைப் பிடிக்கும் செலவும் வளர்ந்தது. 2021-இல், கொரோனா காலத்தில், கடத்தல்காரர்கள் வழியே தொற்று வரும் என்ற அச்சத்தில் விற்பனையை மறுபடி அனுமதித்தது. விற்பதைத் தடுக்கப் படை வேண்டும். ஓர் அறைக்குள் புகைப்பதைத் தடுக்க, அந்த அறைக்குப் பொறுப்பான ஒருவர் மனம் வைத்தால் போதும். இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே துறையிடம், ஒரே ஆளிடம் கட்டிவைப்பதால்தான் நம் ஊரில் இரண்டும் தடுமாறுகின்றன.

இந்தியாவுக்குள் சண்டிகர் 2007-இல் புகையற்ற நகரம் என்று அறிவித்துக்கொண்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துறையையும் பதில் சொல்ல வைத்த குடிமக்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. 2013-இல் இமாசலப் பிரதேசம் மாநிலமாகவே அப்படி அறிவித்தது. மலையும் சிற்றூரும் நிறைந்த இமாசலத்தால் முடிந்தது ஜவ்வாது அடிவாரத்தால் முடியாதா என்று நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. முடியும் என்றே நம்புகிறேன். தமிழ்நாட்டுக்கு அதைவிட நல்ல கருவி உண்டு. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும், மருத்துவத்திலிருந்து தனியே நிற்கும் பொதுச் சுகாதாரத் துறையும், ஊர் ஊராகப் போகும் சுகாதார ஆய்வாளர்களும் வேறு மாநிலங்கள் பொறாமைப்படும் சொத்து.

இருந்தும் தமிழ்நாட்டின் எண்கள் கவலை தருகின்றன. வயதுவந்தோரின் புகையிலைப் பழக்கம் குறித்த உலகளாவிய கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் 2009-10க்கும் 2016-17க்கும் இடையே புகையிலைப் பழக்கம் குறைந்தது. தமிழ்நாட்டில் 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. இதில் மெல்லும் புகையிலையும் அடக்கம் என்பதால் முழுப் பழியையும் புகைத்தடை மீது போட முடியாது. ஆனால் தடை ஒன்று இருப்பதாலேயே பழக்கம் தானாகக் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அதே கணக்கெடுப்பில் ஆறுதலான ஒன்றும் உண்டு: வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்போர் நாடு முழுவதும் 52 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்தனர். வீட்டுக்குள் எந்த உதவி ஆய்வாளரும் போகவில்லை, எந்த ரசீதும் கிழிக்கப்படவில்லை. வெளியே புகைப்பது தவறு என்று சட்டம் சொல்லத் தொடங்கிய காலத்தில், வீட்டுக்குள்ளும் பெண்கள் "வெளியே போய்க் குடிங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். பொது இடத்துச் சட்டத்துக்கு இப்படி ஒரு நிழல் பயன் உண்டு என்று நான் கருதுகிறேன்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, அபராதம் ஏழையைத்தான் பிடிக்கும் என்பது. உண்மை. கூட்டு ரோட்டில் நின்று சோதனை செய்தால் அகப்படுபவர் பீடி குடிக்கும் கூலித் தொழிலாளிதான். குளிரூட்டிய அறையில் சிகரெட் புகைக்கும் அதிகாரியின் கதவை யாரும் தட்டுவதில்லை. 200 ரூபாய் ஒருவருக்கு ஒரு நேரச் சில்லறை, இன்னொருவருக்கு அன்றைய வீட்டுச் சமையல். ஆனால் பிறர் புகையால் அதிகம் பாதிக்கப்படுபவரும் ஏழைதான்: டீ மாஸ்டர், நடத்துநர், பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் பெண், மடியில் குழந்தையோடு காத்திருப்பவர். அவர்களைக் காப்பதற்கான தடையை அவர்களின் அண்ணன் தம்பிகள் மீதான வேட்டையாக மாற்றிவிடக் கூடாது. முதல் தடவைக்கு எச்சரிக்கை, கடைக்காரருக்கு முதலில் பொறுப்பு, அரசு அலுவலகங்களுக்கு முதலில் சோதனை என்ற வரிசையில் போனால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

இரண்டாவது, லஞ்சம். இதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. குட்கா தடை தமிழ்நாட்டில் 2013 முதல் உள்ளது. 2016-இல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் வருமான வரித்துறை நடத்திய சோதனையில், அதிகாரத்தில் இருப்போருக்குப் பணம் கொடுத்ததாகக் கூறும் குறிப்புகள் கிடைத்தன; 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. தடை ஒன்றைப் போட்டு, அதை நடத்தப் போதிய பணமும் கண்காணிப்பும் தராவிட்டால் தடையே ஒருவருக்கு வருமானமாகிவிடும். ரசீது இல்லாமல் வாங்கும் 50 ரூபாய், ரசீதோடு வாங்கும் 200 ரூபாயை விரட்டிவிடும். அபராதத்தைக் கைப்பணமாக வாங்காமல் மின்னணு வழியில் வாங்குவதும், மாதாமாதம் ஊர்வாரியாக எத்தனை ரசீது என்று வெளியிடுவதும் பெரிய செலவில்லாத காரியங்கள்.

மூன்றாவது, பீடித் தொழிலாளர்கள். வேலூர், குடியாத்தம் பக்கமெல்லாம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். பொது இடத் தடையால் அவர்கள் பிழைப்பு போய்விடும் என்று ஆலை முதலாளிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை; கூலியைக் குறைத்துக் கொடுப்பதும், இலையில் குறை என்று பீடியைக் கழிப்பதும் அந்தப் பெண்களைத் தடையைவிட அதிகம் வாட்டுகின்றன. ஆனால் அரசு தன் கொள்கைக்குள்ளேயே முரண்படுவதைச் சொல்லாமல் விட முடியாது. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது; சிகரெட்டுக்கோ 40 சதவீதம். புகைத்தடைக்கு ஒரு கை செலவழிக்க, இன்னொரு கை பீடியை மலிவாக்கினால் செலவு வீணாகும். விலை ஏறுவதைப் போல் புகைப்பதைக் குறைக்கும் கருவி வேறில்லை, அதற்கு அரசு செலவழிக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. அந்த வரியில் ஒரு பங்கைப் பீடி சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கே கொடுத்திருக்கலாம்.

அபராதத்தை உயர்த்துவது பற்றியும் பேச்சு உண்டு. மத்திய அரசு 2020-இன் இறுதியில் வெளியிட்ட திருத்த வரைவு 200-ஐ 2,000 ஆக்கவும் புகையறைகளை ஒழிக்கவும் சொன்னது, அது சட்டமாகவில்லை. கர்நாடகம் தன் திருத்தத்தால் 1,000 ரூபாயாக்கி, புகையிலை வாங்கும் வயதையும் 21 ஆக உயர்த்தியது. புகையறைகள் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தனிமனிதருக்கான அபராதத்தைப் பத்து மடங்காக்குவதை நான் வரவேற்கவில்லை. தண்டனையின் கனத்தைவிட அது வந்தே தீரும் என்ற நிச்சயம்தான் பழக்கத்தை மாற்றும். 2,000 ரூபாய் என்றால் விதிக்கும் அலுவலருக்கே கை வராது. பேரம் பேசும் இடமும் பெருகும். உயர்த்த வேண்டியது இடத்தின் உரிமையாளர் கட்டும் தொகையை.

இதையெல்லாம் கண்ணமங்கலத்துக்குக் கொண்டுவந்தால் செலவு எப்படி இருக்கும்? பேரூராட்சியின் ஆண்டு வரவு செலவில் புகையற்ற பொது இடங்கள் என்று ஒரு தனி வரி வேண்டும். தொகை சிறிதாக இருக்கட்டும், பெயரோடு இருக்க வேண்டும். முதல் ஆண்டுப் பணம் எல்லைகளைத் தெளிவாக்கப் போக வேண்டும்: பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே தரையில் மஞ்சள் கோடு, டீக்கடையின் கூரை எதுவரை நீண்டாலும் அதன் நிழல் முழுவதும் உள்ளே என்ற தீர்மானம், கனலும் கயிற்றுக்கு முடிவு. பலகைகளில் பெயர் எழுதும் இடம் பல ஊர்களில் வெறுமையாகவே கிடக்கிறது; அங்கே உண்மையான ஒருவரின் பெயரும் எண்ணும் வர வேண்டும். வணிக உரிமம் புதுப்பிக்க வரும் கடைக்காரரிடம் அந்தப் பலகையைக் கேட்டாலே பாதி வேலை முடியும். அதற்கு ஜீப் வேண்டாம்.

சோதனைக்கு ஒதுக்கும் நேரத்தில் பெரும்பங்கு அரசுக் கட்டடங்களுக்கும் பள்ளிச் சுற்றுக்கும் போகட்டும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற விதி, புகைக்காத சிறுவனைப் புகைக்கத் தொடங்காமல் காப்பது. இதைவிட நல்ல முதலீடு இந்தச் சட்டத்தில் இல்லை. மலையடிவாரத்துக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. மாசி பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும், காடு பற்ற. அமிர்திப் பாதையிலும் படவேட்டுப் பாதையிலும் வனத்துறையும் பேரூராட்சியும் ஒரே பலகையை, ஒரே செலவில் வைக்கலாம்.

மீதிப் பணம் பழக்கத்தை விட்டுவிட நினைப்பவருக்கு. அபராத ரசீதின் பின்பக்கத்தில் 1800-112-356 என்ற இலவச எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தமிழிலும் பேசும் தேசிய உதவி எண் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் மாவட்டத்து உளவியல் ஆலோசகர் உட்கார வேண்டும். அபராதம் கட்டியவர் ரசீதோடு அங்கே போனால் அடுத்த தடவை எச்சரிக்கையோடு விடலாம் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். ஆண்டு முடிவில் பேரூராட்சி மன்றத்தில் எத்தனை பேரிடம் அபராதம் வாங்கினோம் என்ற எண்ணை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, முன்னறிவிப்பின்றி வெவ்வேறு நாள்களில் போய்ப் பார்த்த இத்தனை இடங்களில் எத்தனையில் புகை இல்லை என்பது. அந்த எண்ணைச் சேகரிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் மாதம் இரண்டு நாள் ஒரு சுகாதார ஆய்வாளரின் நேரமும் போதும். அந்த இரண்டு நாள்களுக்கான செலவை மாநில அரசு வெளிப்படையாக, புகையிலை வரி வருவாயிலிருந்து, பேரூராட்சிக்குத் தர வேண்டும்.